வீட்டு வண்டியும் பொதுக் கரையும்

வீட்டை விட்டுப் புறப்படுவதைப் பயணம் என்கிறோம். வீட்டையே உடன்கொண்டு புறப்படுவோரும் உலகில் உளர். நத்தை தன் ஓட்டைச் சுமந்து செல்வது போல, படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, குளியலறை ஆகிய அனைத்தையும் ஒரு மோட்டார் வண்டிக்குள் அடக்கிக்கொண்டு அவர்கள் செல்கின்றனர். இன்று ஓர் ஊரில் துயில்வர்; நாளை வேறோர் ஊரில் விழிப்பர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வண்டியை ‘ஆர்.வி.’ என்று சுருக்கமாக அழைப்பர். நாம் அதனை வீட்டு வண்டி என்போம்.

இவ்வண்டியில் ஏறிப் பசிபிக் கடற்கரை வழியே செல்வதைப் பற்றிப் பேசுவோர் பலர், கோடைக்காலமே அதற்கு உகந்தது என்பர். வண்டி ஒன்று கைவசம் இருந்துவிட்டால் மனிதனுக்கு முழு விடுதலை கிட்டிவிடும் என்றும் கூறுவர். இவ்விரண்டையும் நான் ஏற்கவில்லை. அக்கரையின் உண்மையான முகம் இலையுதிர் காலத்தின் கடைப்பகுதியில், அதாவது நம் ஐப்பசி கார்த்திகைத் திங்கள்களில், நாம் கூதிர் என்று வழங்கும் பருவத்திலேதான் தெரிகிறது. விடுதலையைப் பொறுத்தவரையில், அதை அளிப்பது வண்டி அன்று. வேறொன்று அளிக்கிறது. அது யாது என்பதைப் பின்னர்க் காண்போம்.

முதலில் வண்டியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நலம். 1910-ஆம் ஆண்டிலேயே, பியர்ஸ் ஏரோ என்னும் கம்பெனி, பின்னிருக்கையைப் படுக்கையாக மாற்றத்தக்க உலா மோட்டார் ஒன்றைச் செய்து நியூயார்க்கு நகரப் பொருட்காட்சியில் வைத்தது. அது செல்வர்க்கு உரியதாக இருந்தது. 1919-இல் புளோரிடா மாநிலத்தில், தங்கள் மோட்டார்களின் மேல் கூடாரம் கட்டி ஊர் சுற்றியவர்கள் ஒரு சங்கம் அமைத்தனர். தகர டப்பா உணவைத் தின்று திரிந்தமையால் ‘தகர டப்பாப் பயணிகள்’ என்று பெயரும் பெற்றனர். 1960-களில் வின்னபேகோ போன்ற கம்பெனிகள் தொழிற்சாலையில் வரிசையாக வீட்டு வண்டிகளைச் செய்யத் தொடங்கிய பின்னரே, நடுத்தரக் குடும்பங்களுக்கும் அவை எட்டின.

வண்டிக்குள் இருக்கும் வாழ்வு பெரிதும் கணக்கு வாழ்வாகும். நல்ல நீருக்கு ஒரு தொட்டி உண்டு. அது வண்டியின் அளவுக்கேற்ப நூறு முதல் நானூறு லிட்டர் வரை கொள்ளும். பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் இரண்டாம் தொட்டியில் தேங்கும். மலநீருக்கு மூன்றாம் தொட்டி. முதல் தொட்டி வற்றுவதற்கு முன்னும், மற்ற இரண்டும் நிரம்புவதற்கு முன்னும், கழிவு இறக்குவதற்கென்று அமைக்கப்பட்ட இடத்தைத் தேடிச் சென்றாக வேண்டும். விளக்குக்கு மின்கலம், அடுப்புக்கும் குளிர்காய்வதற்கும் எரிவாயு உருளை. நம் வீடுகளில் குழாயைத் திருகினால் நீர் வருகிறது. அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று நாம் எண்ணுவதில்லை. வீட்டு வண்டியில் வாழ்பவனோ ஒவ்வொரு குவளை நீரையும் இருமுறை எண்ணுகிறான்: வரும்போது ஒருமுறை, போகும்போது ஒருமுறை. பெரிய வண்டிகள் ஒரு லிட்டர் எண்ணெய்க்கு நான்கு கிலோமீட்டர் ஓடினால் அதுவே மிகுதி. ஆகையால், இத்தகைய வண்டியில் நாள்தோறும் ஐந்நூறு கிலோமீட்டர் விரைவதைக் காட்டிலும் அறிவின்மை வேறில்லை. அறுபது கல் தொலைவில் நின்று மூன்று நாள் தங்குபவனே அவ்வண்டியின் பயனை அறிந்தவன்.

இனிச் சாலையைக் காண்போம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தொடங்கி வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தீபகற்பத்தைச் சுற்றி வளைந்து செல்லும் 101-ஆம் எண் நெடுஞ்சாலையின் நீளம் ஏறத்தாழ 2,480 கிலோமீட்டர். கலிபோர்னியாவில் அதிலிருந்து பிரிந்து கடலோரத்தை ஒட்டியே செல்லும் 1-ஆம் எண் சாலை ஒன்றும் உண்டு. ஒரிகன் மாநிலத்தில் கடற்கரையின் நீளம் 363 மைல். அங்கே 101-ஆம் சாலையே கரையின் முதுகெலும்பு. ஒரு காலத்தில் அங்குள்ள கழிமுகங்களை ஓடங்களில் ஏறியே கடக்க வேண்டியிருந்தது. காண்டி மெக்கல்லோ என்னும் பொறியியல் வல்லுநர் வடிவமைத்த ஐந்து பெரும் பாலங்கள் 1936-இல் திறக்கப்பட்ட பின்னர், ஓடத்துக்காகக் காத்திருக்கும் நிலை மாறிற்று. நாடு பொருளாதார வீழ்ச்சியில் துவண்டிருந்த அக்காலத்தில், வேலையற்றோர்க்கு வேலை தரும் பொருட்டு அரசு செலவிட்ட பணத்தில் எழுந்தவை அப்பாலங்கள். வெறும் கடவுப் பாலங்களாக மட்டும் அவற்றை அவர் எண்ணவில்லை. நியூபோர்ட் ஊரில் யாக்குவினா குடாவின் மேல் நிற்கும் வளைவைப் பார்ப்பவர்க்கு இது புலப்படும்.

கோடையில் இச்சாலையில் வண்டிகள் எறும்பு வரிசைபோல ஊரும். அரசுப் பூங்காக்களில் உள்ள முகாம்திடல்களில் இடம் வேண்டுவோர் ஆறு திங்களுக்கு முன்பே பதிவு செய்துகொள்வர். மறந்தவன் கதி அதோகதிதான். கடலோ, கோடையில் பல நாள் காலையில் கண்ணுக்கே தெரியாது. குளிர்ந்த நீரின் மேல் வீசும் வெம்மையான காற்று மூடுபனியாக மாறிக் கரையைப் போர்த்திவிடும். செப்டம்பர் கழிந்து, பள்ளிகள் நடந்து, கூட்டம் கலைந்த பின்னர், திடல்கள் வெறிச்சிடும். அப்போது வானம் இருவகையாக இருக்கும்: ஒன்று, கழுவி விட்டதுபோல் தெளிந்திருக்கும், அன்றேல், கடலோடு சேர்ந்து முழங்கும். இடைப்பட்ட நிலை குறைவு.

மழையைச் சொல்லி மறுப்போர் உண்டு. அவர்கள் கூற்றில் பொய் இல்லை. கொலம்பியா ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள அஸ்டோரியா ஊரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையே விழுகிறது. நவம்பர் இறுதியில் கதிரவன் மாலை நாலேமுக்கால் மணிக்குள் மறைந்துவிடுகிறான். 1805-ஆம் ஆண்டு நவம்பரில், லூயிஸ், கிளார்க் என்னும் இருவர் தலைமையில் கண்டத்தைக் கடந்து வந்த குழுவினர் இக்கரையை அடைந்தபோது, காற்றும் மழையும் அவர்களைப் பல நாள் ஆற்றங்கரைப் பாறைகளுக்கிடையே முடக்கிவிட்டன. உடைகள் நைந்தன. குளிர்காலத்தை எங்கே கழிப்பது என்று நவம்பர் 24-ஆம் நாள் குழுவினர் ஒவ்வொருவரின் கருத்தும் கேட்கப்பட்டது. அடிமையாக வந்திருந்த யார்க் என்னும் கறுப்பரின் கருத்தும், வழித்துணையாக வந்த ஷோஷோனி இனத்துப் பெண் சக்ககாவியாவின் கருத்தும் அவ்வேட்டில் பதிவாகியிருக்கின்றன. தென்கரையில் மானினம் மிகுதி என்று அங்கே வாழ்ந்த கிளாட்சாப் மக்கள் சொன்னதைக் கேட்டு அக்கரைக்குச் சென்று மரக்கோட்டை கட்டினர். அங்கே தங்கிய 106 நாள்களில் மழை பெய்யாத நாள்கள் பன்னிரண்டே. அவர்களில் சிலர் கடலோரத்துக்குச் சென்று, கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுத்தனர். 

தோலாடையும் ஈர விறகும் கொண்டு அவர்கள் கழித்த பருவத்தை, எரிவாயு அடுப்பும் கம்பளியும் கொண்டு கழிக்க இயலாது என்பவரைப் பார்த்து நாம் வியக்கத்தான் வேண்டும். வண்டியின் கூரைமேல் மழை தாளமிடும் ஓசையைக் கேட்டுக்கொண்டு, சன்னலுக்கு அப்பால் அலைகள் பாறையில் மோதித் தென்னை உயரம் எழுவதைக் காணும் வாய்ப்புக்காகவே அம்மாநிலத்து மக்கள் பலர் நவம்பரில் கடற்கரைக்கு வருகின்றனர். புயலைக் காண்பது அங்கே ஒரு பொழுதுபோக்கு.

பருவத்தின் சிறப்பு புயலோடு முடிவதில்லை. ஒரிகனின் தென்பகுதியில் பேண்டன் என்னும் சிற்றூரைச் சுற்றிக் கிரேன்பெரி என்னும் செந்நிறச் சிறு கனியைப் பயிரிடுகின்றனர். அக்டோபர், நவம்பரில் தோட்டத்துக்குள் நீரைப் பாய்ச்சிச் செடிகளை அலைப்பார்கள். காய்க்குள் காற்றறைகள் இருப்பதால் அவை உதிர்ந்து மிதக்கும். வயல் முழுதும் குங்குமம் கொட்டியதுபோல் சிவந்திருக்கும். அதை ஓர் ஓரமாக ஒதுக்கி அள்ளுவார்கள். 

இன்னும் தெற்கே சென்றால் கிளமாத் ஆறு கடலில் கலக்கும் இடம் வரும். சாமன் என்னும் மீன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, இனம்பெருக்கும் பொருட்டு மீண்டும் பிறந்த ஆற்றையே நாடி எதிர்நீச்சல் இட்டு ஏறும் இயல்புடையது. அதன் ஏற்றம் இலையுதிர் காலத்தில் நிகழும். கிளமாத்தின் குறுக்கே 20-ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட அணைகள் அவ்வழியை அடைத்துவிட்டன. ஆற்றோரத்தில் தொன்றுதொட்டு வாழும் யூரோக் முதலிய பழங்குடி மக்கள் பல ஆண்டுகள் வாதாடினர். 2023, 2024 ஆகிய ஈராண்டுகளில் நான்கு அணைகள் பெயர்க்கப்பட்டன. அந்நாட்டில் அதற்குமுன் அவ்வளவு பெரிய அணைநீக்கம் நடந்ததில்லை. வேலை முடிந்த சில வாரங்களிலேயே, 2024 அக்டோபரில், அணைகள் இருந்த இடங்களுக்கும் மேலே, ஒரிகன் மாநிலத்தில் ஒரு கிளையாற்றில் சாமன் மீன்கள் காணப்பட்டன; 1912-க்குப் பிறகு அம்மீன்கள் அங்கே கால்வைக்கவில்லை, மன்னிக்க, துடுப்பு வைக்கவில்லை. நூறாண்டுக்கு மேல் அடைபட்டிருந்த வழியை அம்மீன்கள் எவ்வாறு நாடின என்று எண்ணும்போது உள்ளம் சிலிர்க்கின்றது. கோடைப் பயணி இதைக் காண்பது அரிது.

கிளமாத்தைச் சூழ்ந்துள்ள மலைகளில் செம்மரக் காடுகள் உள்ளன. அவை நம் நாட்டுச் செஞ்சந்தனம் அல்ல. ரெட்வுட் எனப்படும் வேறினம். உலகிலேயே உயரமான மரம் அங்கேதான் நிற்கிறது. 2006-இல் கண்டறியப்பட்ட அதன் உயரம் ஏறத்தாழ 116 மீட்டர். மனிதர் மிதித்து மிதித்து வேர்ப்பகுதி கெட்டமையால், 2022-இல் அதன் அருகே செல்வது தடுக்கப்பட்டது. கோடையில் மூடுபனி நீர் இம்மரங்களின் இலைகளில் படிந்து சொட்டி வேரை நனைக்கிறது. கூதிரில் மழையே அப்பணியைச் செய்கிறது. நனைந்த காட்டின் நிறமும் மணமும் வேறு.

கலிபோர்னியாவின் பசிபிக் குரோவ் ஊரில், மன்னர் வண்ணத்துப்பூச்சிகள் அக்டோபர் முதல் வந்து மரக்கிளைகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கிக் குளிர்காலத்தைக் கழிக்கும். நவம்பர் இறுதியை ஒட்டி, பொதுமக்களே தொண்டர்களாகக் கரையோரத் தோப்புகள்தோறும் சென்று அவற்றை எண்ணுகின்றனர். 1997-இல் பன்னிரண்டு இலட்சத்துக்கு மேல் இருந்தவை, 2020-இல் இரண்டாயிரத்துக்கும் குறைந்துவிட்டன. மறு ஆண்டில் இரண்டு இலட்சத்தைத் தாண்டின. 2024-இல் மீண்டும் பத்தாயிரத்துக்குக் கீழே இறங்கின. இதைவிடத் தெற்கே சான் சிமியோன் அருகில், நவம்பர் இறுதி முதல் ஆண் கடல்யானைகள் கரையேறி இடம்பிடிக்கப் போரிடத் தொடங்கும். வடதுருவக் கடலிலிருந்து மெக்சிகோவின் கழிகளுக்குக் கன்று ஈனச் செல்லும் சாம்பல் திமிங்கிலங்களின் ஊர்வலமும் டிசம்பரில் இக்கரையைக் கடக்கும். சாலையோர மேட்டில் நின்று அவற்றின் மூச்சு நீராவித் தூணாக எழுவதை வெறுங்கண்ணால் காணலாம்.

இப்பருவத்தில் இடர் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1962-ஆம் ஆண்டு அக்டோபர் 12-இல் வீசிய பெரும்புயலில் பிளாங்கோ முனையில் காற்றின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் இருந்ததாக மதிப்பிட்டனர். அப்புயலில் நாற்பத்தாறு பேர் இறந்தனர். உயரமும் அகலமும் உடைய வீட்டு வண்டி, பக்கக் காற்றுக்குப் பாய் விரித்த படகு போன்றது. பாலங்களின்மேல் அதை ஓட்டுபவன், காற்று ஓயும்வரை காத்திருப்பதற்கு நாணக்கூடாது. கரையில் நிற்போர்க்கு வேறோர் ஆபத்து உண்டு: பல நிமிடங்கள் அடங்கிக் கிடந்த கடல், எதிர்பாரா வண்ணம் ஒரு பேரலையை நெடுந்தொலைவு உள்ளே செலுத்தும். அது கரையில் கிடக்கும் பெரும் மரத்துண்டுகளையும் புரட்டி எறியும். அவற்றின் மேல் ஏறி விளையாடியவர் பலர் உயிரிழந்துள்ளனர். கடலுக்கு ஒருபோதும் முதுகு காட்டாதே என்று அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகின்றனர்.

சாலையும் நிலையானது அன்று. பிக் சர் மலைச்சரிவில் 1937-இல் திறக்கப்பட்ட 1-ஆம் எண் சாலை, மலை சரியும்போதெல்லாம் அறுந்துபோகிறது. 2017 மே மாதத்தில் மட் கிரீக் என்னுமிடத்தில் மலையின் ஒரு பகுதி அப்படியே கடலுக்குள் இறங்கிச் சாலையைப் புதைத்தது. மீண்டும் வழி திறக்க 2018 ஜூலை ஆயிற்று. கரையோர ஊர்களில் எல்லாம், அலைமேல் ஓடும் மனித உருவம் வரைந்த நீலப் பலகைகளைக் காணலாம். ஆழிப்பேரலை வந்தால் எத்திசையில் ஓடவேண்டும் என்பதை அவை காட்டுகின்றன. 1964 மார்ச்சில் அலாஸ்கா நிலநடுக்கத்தால் எழுந்த பேரலை, கலிபோர்னியாவின் கிரெசெண்ட் சிட்டியில் பதினொருவர் உயிரைக் குடித்தது. 2004 டிசம்பர் 26-ஐ அறிந்த நமக்கு அப்பலகைகளின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. இரவில் வண்டியை நிறுத்துமுன் அப்பலகை எத்திசை காட்டுகிறது என்று பார்த்துக்கொள்வதை நான் கோழைத்தனம் என்று கருதவில்லை.

இவ்வளவு வளமும் இவ்வளவு இடரும் உள்ள கரைக்கு ஒருவன் தன் வீட்டு வண்டியை ஓட்டிச் செல்கிறான். அங்கே அவனை இறங்கி நடக்க விடுவது எது? தொடக்கத்தில் நாம் ஒத்திவைத்த வினா இதுதான்.

கடற்கரை நிலத்தைப்போல் விலைபோகும் நிலம் பிறிதொன்றில்லை. ஒரிகன் மாநிலத்தின் கவர்னராக இருந்த ஆஸ்வால்ட் வெஸ்ட், 1913-இல் ஓர் எளிய உபாயம் செய்தார். கடலோர ஈரமணல் முழுவதும் பொது நெடுஞ்சாலை என்று சட்டம் இயற்றச் செய்தார். நல்ல சாலை இல்லாத அக்காலத்தில் மக்கள் உண்மையாகவே மணல்வழியேதான் வண்டி ஓட்டினர். ஆகவே எவரும் பெரிதாக எதிர்க்கவில்லை. அரை நூற்றாண்டு கழிந்தது. 1966-இல் கேனன் பீச் என்னும் ஊரில் ஒரு விடுதிக்காரர், தம் விடுதிக்கு முன்னிருந்த உலர்மணலில் வேலியடைத்து, தம் விருந்தினர் அல்லாதாரை விலக்கினார். சட்டம் ஈரமணலைத்தானே சொல்கிறது என்பது அவர் வாதம். உலர்மணலையும் மக்களுக்கு உரியதாக்கும் மசோதா ஒன்று சட்டமன்றத்துக்கு வந்து குழுவிலேயே முடங்கியது. செய்தி பரவியதும் மக்களிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. கவர்னர் டாம் மெக்கால் 1967 மே மாதத்தில் ஹெலிகாப்டரில் கரைக்கு வந்து இறங்கி, அறிவியலாரைக் கொண்டு மணலில் அளவெடுக்கச் செய்து, நாடு முழுதும் அதைப் பார்க்கச் செய்தார். அவ்வாண்டு ஜூலையில் மசோதா சட்டமாயிற்று. மணலிலே புல் முளைக்கத் தொடங்கும் எல்லைவரை எவரும் நடக்கலாம், அமரலாம், விளையாடலாம். 1969-இல் மாநில உயர்நிலை நீதிமன்றம் இதனை உறுதி செய்தபோது, தொன்றுதொட்டு மக்கள் அம்மணலைத் தடையின்றிப் பயன்படுத்தி வந்த வழக்காற்றையே சான்றாகக் கொண்டது. ஏட்டில் எழுதாத பழக்கம், எழுதிய பத்திரத்தை வென்றது.

கலிபோர்னியாவில் 1972-இல் மக்கள் நேரடியாக வாக்களித்துக் கடற்கரைக் காப்பு முறை ஒன்றை ஏற்படுத்தினர். 1976-இல் அது நிலையான சட்டமாயிற்று. வாஷிங்டனின் பியூஜெட் சவுண்டு என்னும் உட்கடல் ஓரத்திலோ, 1971-இல் நிறுத்தப்படும்வரை, ஓதம் ஏறி இறங்கும் கரைநிலத்தை அரசே தனியாருக்கு விற்றுவந்தது. அங்கே இன்றும் பல இடங்களில் கடலைப் பார்க்கலாம். கால் நனைக்க முடியாது. ஒரேவகை வண்டி, ஒரே கடலின் நீர். சட்டம் மாறும் இடத்தில் விடுதலையும் மாறிவிடுகிறது. சாலைகளும் பாலங்களும் அரசுப் பூங்காக்களும் இல்லையேல், இலட்சம் டாலர் விலையுள்ள வண்டியும் நிறுத்த இடமற்ற சுமையே. 

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. இக்கரை பொதுவாவதற்கு முன்னர் வேறு மக்களுடையதாக இருந்தது. 1855-இல் ஒரிகன் கரையில் பழங்குடியினர்க்கென்று நீண்ட நிலப்பகுதி ஒதுக்கப்பட்டது. தெற்கேயிருந்தவர்கள் தம் ஊர்களிலிருந்து பெயர்த்து அங்கே நடத்திக் கொண்டுவரப்பட்டனர். பத்தாண்டிலேயே, 1865-இல், குடியேற்றத்துக்காக அதன் நடுப்பகுதி பறிக்கப்பட்டது. சைலட்ஸ் மக்களை ஓர் இனக்குழுவாக அரசு ஏற்காமல் கைவிட்டதும், 1977-இல் மீண்டும் ஏற்றதும் பின்வந்த வரலாறு. பொதுமை என்னும் சொல்லைப் பயன்படுத்தும்போது, அதில் யார் சேர்க்கப்பட்டனர், யார் விடப்பட்டனர் என்றும் கேட்கவேண்டும்.

அக்கேள்வி இன்று வீட்டு வண்டியின் வாயிலிலேயே வந்து நிற்கிறது. கலிபோர்னியாவின் சலினாஸ் ஊரில் பிறந்த எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக், 1960-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், லாரியின்மேல் சிற்றறை அமைத்த வண்டி ஒன்றில் தம் நாயுடன் நாட்டைச் சுற்றிவந்தார். வடமேற்கிலிருந்து பசிபிக் கரையோரமாகச் செம்மரக் காடுகளைக் கண்டு சொந்த ஊர்ப்பக்கம் திரும்பினார். அப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1962-இல் வெளிவந்தது. அவ்வாண்டே நோபல் பரிசும் பெற்றார். அவருடைய வண்டி இன்று சலினாஸ் நகரக் காட்சிசாலையில் போற்றிக் காக்கப்படுகிறது. அதே ஸ்டைன்பெக், 1939-இல் வேறொரு வண்டிப் பயணத்தைப் பற்றி நாவல் எழுதியிருந்தார். புழுதிப்புயலாலும் கடனாலும் நிலமிழந்த ஓக்லஹோமா உழவர்கள், பாத்திரம் பண்டங்களையும் பாட்டன் பாட்டியையும் பழைய மோட்டார் ஒன்றில் ஏற்றிக்கொண்டு கூலிவேலை தேடிக் கலிபோர்னியாவுக்கு வந்த கதை அது. அவ்வண்டியும் வீட்டு வண்டிதான். ஆனால் அதைக் கண்ட ஊரார் கதவைச் சாத்தினர்.

இரண்டு வண்டிகளும் இன்றும் ஒரே சாலையில் ஓடுகின்றன. ஒன்று, ஓய்வுபெற்ற தம்பதியர் விருப்பத்தோடு வாங்கியது. மற்றொன்று, வாடகை கொடுக்க இயலாதவர் வேறு வழியின்றிக் குடிபுகுந்தது. 2008-ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின், வீடிழந்த முதியோர் பலர் இவ்வாறு வண்டியிலேயே வாழ்ந்து, பருவத்துக்குப் பருவம் கூலிவேலைக்குச் செல்வதை ஜெசிகா புரூடர் என்பவர் 2017-இல் ஒரு நூலாக எழுதினார். அவர்களிற் சிலர் முகாம்திடல்களில் காவலும் துப்புரவும் செய்கின்றனர். கோடைப் பயணியை வாயிலில் வரவேற்பவரே, கூதிரில் தங்க இடம் தேடுபவராகவும் இருக்கலாம். நெடுஞ்சாலை ஓய்விடங்களில் ஒரு வண்டி ஒரிகனில் பன்னிரண்டு மணி நேரமும், கலிபோர்னியாவில் எட்டு மணி நேரமும் நிற்கலாம். அதற்குமேல் எங்கே?

இவ்வினாவுக்குச் சில ஊர்கள் தண்டத்தை விடையாகத் தந்தன. ஒரிகனின் தென்பகுதியில் ரோக் ஆற்றங்கரையில் உள்ள கிராண்ட்ஸ் பாஸ் நகரம், பொது இடங்களில் போர்வை விரித்துத் துயில்வதற்கும், பூங்காக்களில் இரவில் வண்டி நிறுத்தித் தங்குவதற்கும் அபராதம் விதித்தது. வழக்கு நாட்டின் உச்சநீதிமன்றம் வரை சென்றது. அவ்வாறு தண்டிப்பது அரசியல் சட்டத்துக்கு முரணன்று என்று 2024 ஜூன் 28-இல் ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர், மூவர் மாறுபட்டனர். அந்நகரத்தாரின் இடர்ப்பாடு எனக்கு விளங்காமல் இல்லை. பூங்கா பிள்ளைகள் விளையாடுவதற்கும் வேண்டும். கழிவுநீரைக் கண்ட இடத்தில் விடுவதை எவர் பொறுப்பர்? ஆயினும், நீர்க்குழாயும் கழிவுத் தொட்டியும் காவலும் உள்ள திடல்களை அம்மாநிலங்கள் தாமே அமைத்து நடத்தி வருகின்றன. கூதிர் வந்ததும் அவற்றில் பாதிக்குமேல் வெறுமையாகக் கிடக்கும் திடல்கள் பல. வேண்டிய பொருள் எல்லாம் அங்கே இருக்கிறது. விலையும், பதினான்கு நாளுக்குமேல் தங்கலாகாது என்பன போன்ற விதிகளுமே குறுக்கே நிற்கின்றன. கோடை நெருக்கடிக்காக வகுத்த விதி, மழைக்காலத்து வெறுந்திடலுக்கு எதற்கு? நவம்பர் முதல் பிப்ரவரி வரை, சில திடல்களில் சில வரிசைகளையேனும் வீடற்ற வண்டிகளுக்குக் குறைந்த விலைக்கோ விலையின்றியோ விடலாம் என்பது என் துணிபு. சான்டா பார்பரா நகரில் 2004 முதல், அலுவலகங்களும் கோயில்களும் தத்தம் வண்டித்திடல்களை இரவில் மட்டும் இவ்வாறு திறந்துவிடும் ஏற்பாடு நடந்துவருகிறது. ஆகவே இது கனவு அன்று.

ஒரிகன் சட்டமன்றமும் இப்பொருளில் முற்றிலும் கைகட்டி இருந்துவிடவில்லை. பொது இடத்தில் அமர்வதையும் படுப்பதையும் ஒரு நகரம் கட்டுப்படுத்தினால், அக்கட்டுப்பாடு வீடற்றவரின் நிலையையும் எண்ணிப் பார்த்து, நடுநிலையாளர் ஏற்கத்தக்கதாக இருத்தல் வேண்டும் என்று 2021-இல் அது ஒரு சட்டம் இயற்றியது. 2023 ஜூலை முதல் நகரங்கள் அதற்கு இணங்க வேண்டியவாயின. உச்சநீதிமன்றத் தீர்ப்புக்குப் பின்னர் அச்சட்டத்தைத் தளர்த்துமாறு நகரங்கள் சில கேட்டு நின்றன. 1967-இல் கடிதம் எழுதியவர்கள் உலர்மணலுக்காக எழுதினர். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இவ்வழக்கில் என்ன எழுதுவார்கள் என்பதை அறிய நான் ஆவலாயிருக்கிறேன்.